ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து: கட்டாயம் யாருக்கு?

பென்னாகரம்_வாசகன் (இழையைத் தொடங்கியவர்), நவம்பர் 2024

2024 அக்டோபர் 9ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி எல்லாவற்றிலும் செறிவூட்டப்பட்ட அரிசி, அதாவது இரும்பு போன்ற சத்து சேர்த்த அரிசி, 2028 டிசம்பர் வரை தொடரும். செலவு 17,082 கோடி ரூபாய், முழுவதும் மத்திய அரசே ஏற்கும். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, 2024 மார்ச்சுக்குள் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்தின் நீட்சி இது. நம் பக்கம் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. வந்தாலும் "பிளாஸ்டிக் அரிசி" என்கிற வாட்ஸ்அப் வதந்தியாகத்தான் வருகிறது.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவில் சத்து சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. அயோடின் உப்பு எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியது என்று தெரியும். ஆனால் உப்பில் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. கலெக்டர் வீட்டுக் குழம்பிலும் அதே உப்பு, என் வீட்டுக் குழம்பிலும் அதே உப்பு. அரிசியில் அப்படி இல்லை. கடையில் பொன்னி வாங்குகிறவருக்கு இது வராது. ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கிற வீட்டுக்கு மட்டும்தான் கட்டாயம். அவர்களை யாரும் கேட்கவும் இல்லை, அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு இதில் தனி அனுபவம் உண்டு. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்னவென்றே தெரியாமல் ரெண்டு தலைமுறை குடித்தோம். பல் கறை பிடித்தது, முட்டி மடங்காமல் போனது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் விடிவு. வாய்க்குள் போகிற தாதுப்பொருள் எது, எவ்வளவு என்று கேட்கும் உரிமை வேறு எந்த ஊரைவிடவும் நமக்கு அதிகம். கேட்போமே.

காரிமங்கலம்_அரவை

மில்லில் இருக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். வதந்தியை முதலில் ஒழிப்போம். அரிசியை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்த தூளைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவத்திலேயே வெட்டி உலர்த்துகிறார்கள். அந்தச் சத்து அரிசி எங்களுக்குத் தனி மூட்டையாக வரும். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ வீதம் கலக்க வேண்டும். நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். அதைப் பார்த்துத்தான் பிளாஸ்டிக் என்கிறார்கள். அது அரிசி மாவு. நசுக்கினால் மாவாகும், வேகவைத்தால் வேகும்.

20 கிலோ வாங்கும் கார்டில் 200 கிராம்தான் அந்த அரிசி. ஆனால் கலக்குகிற வேலை ஒழுங்காக நடக்க வேண்டும். கலவை இயந்திரம் சரியாகச் சுற்றாவிட்டால் ஒரு சாக்கில் அள்ளிக் கொட்டியது போல இருக்கும், அடுத்த சாக்கில் ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான்.

ரேஷன்கடை_ஊழியர்

எங்க கடைக்கு வர்ற அம்மாக்கள் பாதிப் பேரு முறத்துல போட்டுப் புடைச்சு, அந்த அரிசியைத் தனியாப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுடறாங்க. கல்லு, கருப்பு அரிசி பொறுக்கற மாதிரி இதையும் பொறுக்கிடறாங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஏன்னா எங்களுக்கே யாரும் உட்கார வெச்சுச் சொல்லித் தரலைங்க. ஒரு போஸ்டர் ஒட்டினாங்க, அவ்வளவுதான். சாக்குல எழுத்து இருக்கு. சாக்கு கடையிலேயே நின்னுடுது. அந்த அம்மா பையில வாங்கிட்டுப் போறாங்க. எழுத்து யாரு கண்ணுல படும்?

உணவியல்_மாணவி_கிருஷ்ணகிரி

அளவைத் தெரிந்துகொண்டு பேசலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி 1 கிலோ செறிவூட்டிய அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். ஒருவர் நாளுக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்டால் கூடுதலாகக் கிடைக்கும் இரும்பு 7 முதல் 10.6 மில்லிகிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கில் பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கு கூட முழுதாக எட்டாத நேரம் உண்டு, எட்டிக் கொஞ்சம் தாண்டும் நேரமும் உண்டு. விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை.

தேவை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பில் குழந்தைகள் 50.7. ஏறியிருக்கிறது.

தேன்கனிக்கோட்டை_ஐயம்

அந்தக் கணக்கெடுப்பையே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் தங்கச்சி. அது விரலில் குத்தி எடுத்த ரத்தம். 2016-18இல் நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் நரம்பில் ரத்தம் எடுத்தார்கள். அதில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் ரத்தசோகை இந்திய அளவில் 41 சதவீதம்தான். குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்திய அளவு 67. அளக்கும் முறை மாறினால் இத்தனை மாறுகிற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கான பேரின் சோற்றில் கை வைக்கலாமா?

அடுத்தது, பலன். 2019இல் காக்ரேன் அமைப்பு அரிசிச் செறிவூட்டல் ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்து அலசியது. ரத்தசோகை வரும் வாய்ப்பில் பெரிய மாற்றம் இல்லாமல் போகலாம் என்பதுதான் அவர்கள் கண்டது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பத் போன்ற ஊட்டச்சத்து விஞ்ஞானிகளே கட்டாயச் செறிவூட்டலை எதிர்த்துப் பல வருடமாக எழுதி வருகிறார்கள். இவர்கள் வாட்ஸ்அப் ஆட்கள் இல்லை.

செவிலியர்_அக்கா

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். ஐயம் அண்ணன் சொன்ன ரெண்டு விஷயமும் உண்மை. ஆனால் 41 என்றாலும் பத்தில் நான்கு குழந்தை. அது சின்ன எண் இல்லை.

களத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். ரத்தசோகைக்கு இரும்புக் குறைவு மட்டும் காரணம் இல்லை. வெறுங்காலில் காட்டுக்குப் போவதால் கொக்கிப்புழு. பதினெட்டு முடிவதற்குள் கல்யாணம், அடுத்தடுத்து ரெண்டு பிரசவம். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு இருந்தும் வெளியே சொல்லாத பெண்கள். சாப்பிட்ட கையோடு டீ. டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது. அரிசி இதில் எதையும் தொடாது.

மாத்திரை எங்களிடம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உள்ள சிவப்பு மாத்திரை, 180 நாள். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. குடற்புழு நீக்க மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். கொடுப்பது சுலபம், விழுங்க வைப்பதுதான் பாடு. வயிறு எரிகிறது, மலம் கருப்பாகப் போகிறது என்று மாமியார் பயந்து நிறுத்திவிடுவார். கர்ப்பிணி வீட்டு அலமாரியில் பிரிக்காத அட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரிசியில் கலந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. யாரும் மறக்க முடியாது. அதனால் நான் இதை ஆதரிக்கிறேன். மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு சேர்த்து.

பாலக்கோடு_டீச்சர்

அக்கா சொல்வது அப்படியே சரி. பள்ளியில் வாராவாரம் இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் வகுப்பே பயந்துபோகும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்கப் பள்ளியில் அந்தக் கஷ்டம் குறைந்திருக்கிறது. வயிற்றில் சோறு இருந்தால்தான் மருந்தும் தங்கும்.

அரூர்_ராகிக்காடு

எல்லாரும் அரிசியைச் சுத்தியே பேசறீங்க. நான் ராகி போடறவன். ஆடிப்பட்டம் மானாவாரி.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணையிலேயே இருக்கு. 100 கிராம் ராகியில இரும்பு 4.6 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். தீட்டின பச்சரிசியில இரும்பு 0.65. அதாவது நல்லாத் தவிடு நீக்கி, பாலிஷ் போட்டு, சத்தை எல்லாம் மாட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் அனுப்பிட்டு, அப்புறம் ஃபேக்டரியில செஞ்ச சத்தை நூத்துல ஒரு பங்கு கலக்கறாங்க. செறிவூட்டின அரிசியில 100 கிராமுக்கு 2.8ல இருந்து 4.25. எங்க ராகி அதுக்கு மேல நிக்குது, யாரும் எதையும் கலக்காமலே.

எங்க அப்பா காலத்துல காலையில கூழு, ராத்திரி களி, கூட அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ. அரிசிச் சோறு நோன்புக்கும் விருந்துக்கும். இலவச அரிசி வந்து பசியைப் போக்குச்சு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன், பசி எப்படி இருந்துச்சுன்னு தெரியும். ஆனா களியும் சேர்ந்தே போயிருச்சு. இரும்புக்கு ஆலைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க களத்துக்கு வந்திருக்கலாமே. 2023ல நீலகிரியிலயும் நம்ம தர்மபுரியிலயும் அரிசிக்குப் பதிலா மாசம் 2 கிலோ ராகி கொடுக்கற திட்டத்தை மாநில அரசு ஆரம்பிச்சுது. அது நல்ல ஆரம்பம். ராகி அதிகம் விளையற கிருஷ்ணகிரியை ஏன் அப்போ சேர்க்கலைன்னுதான் எனக்குப் புரியலை. 2024-25ல ராகிக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 4,290. நெல்லு 2,300. கொள்முதல் நிலையத்தை ஒழுங்காத் திறந்து வெச்சா எங்காளுங்க போடுவாங்க.

உணவியல்_மாணவி_கிருஷ்ணகிரி

ராகி அண்ணா, எங்கள் வீட்டிலும் களிதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராகியில் இருக்கும் இரும்பு முழுதும் உடம்பில் ஏறாது. அதிலுள்ள ஃபைட்டேட், டானின் என்கிற பொருள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால், கூழாகப் புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். அதனால்தான் பழைய வீடுகளின் புளித்த கூழ் வெறும் ருசிக்கானது இல்லை. கூட நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்ந்தால் இன்னும் நன்றாக ஏறும். அரிசியில் கலக்கும் ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்கிற இரும்பும் அப்படித்தான், நிறம் மாறாமல் இருக்கிறது என்பதால் தேர்ந்தெடுத்தது, உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளாது.

இன்னொன்று, பி12. அது ராகியிலும் இல்லை, கீரையிலும் இல்லை, எந்தச் செடியிலும் இல்லை. முட்டை, பால், மீன், கறி வாங்க முடியாத வீட்டுக்கு அது எங்கிருந்து வரும்? அடுத்தது, ஃபோலிக் அமிலம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே, முதல் நான்கு வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதிவுக்கு வருவது அதற்கு எவ்வளவோ பிறகு. 1991இல் பிரிட்டனை மையமாக வைத்துப் பல நாடுகளில் நடந்த சோதனையில், முன்பு அந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அமெரிக்கா 1998இல் மாவில் அதைக் கட்டாயமாக்கியது. மாத்திரையாகக் கொடுத்தால் நேரம் தவறிவிடும், தினசரிச் சாப்பாட்டில் இருந்தால்தான் எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சித்தேரி_மலை

நான் இந்த இழைக்கு வந்தது ஒரு கேள்வியோடு. என் தங்கச்சி மகளுக்கு சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்தநோய். மலையில் பரிசோதனை முகாம் போட்டபோது தெரிந்தது. இரும்பு சேர்த்த அரிசி இந்த நோய்க்காரர்களுக்கு ஆகாது என்று எங்கோ படித்தோம். இப்போது ஆகும் என்கிறார்கள். வீட்டில் அவளுக்கு மட்டும் தனியாகக் கடை அரிசி வாங்குகிறோம். கூலி வேலை செய்கிற வீடு. எது உண்மை?

பென்னாகரம்_வாசகன்

நான் இழை தொடங்கியதே இந்த மாதிரி வீடுகளை நினைத்துத்தான். 2018 விதிமுறையில் இருந்தது: தலசீமியா (இதுவும் பரம்பரை ரத்தநோய்) உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடலாம், சிக்கிள் செல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று பையில் அச்சடிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யவில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போனது. பிறகு மத்திய அரசு குழு அமைத்து, ஆபத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2024இல் அந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டது. மலையில் இருக்கிற குடும்பத்துக்கு எச்சரிக்கை இருந்தபோதும் யாரும் சொல்லவில்லை, எடுத்தபோதும் யாரும் சொல்லவில்லை.

செவிலியர்_அக்கா

சித்தேரி தம்பிக்கு. பதறாதீங்க. கணக்காகப் பார்ப்போம்.

உங்கள் பாப்பா நாளுக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் கூடுதல் இரும்பு 5.6 முதல் 8.5 மில்லிகிராம். அதில் உடம்பில் ஏறுவது மிகச் சிறிய பகுதி. ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் ஒரே தடவையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு நேராக ரத்தத்துக்குப் போகிறது. இந்த நோய்களில் இரும்பு தேங்குவதற்கு முக்கியக் காரணம் அடிக்கடி ரத்தம் ஏற்றுவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அரிசிச் செறிவூட்டல் வழிகாட்டுதலிலும் அந்த எச்சரிக்கை வாசகம் இல்லை.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். பாப்பாவுக்கு இதுவரை ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? ஏற்றியிருந்தால் மருத்துவரிடம் ஃபெரிட்டின் பரிசோதனை கேளுங்கள், உடம்பில் தேங்கிய இரும்பை அது காட்டும். எண் அதிகமாக இருந்தால் சாப்பாட்டைப் பற்றி அவர் சொல்வார், அப்போது தனி அரிசி வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஏற்றவே இல்லை என்றால் அரிசிக்காகக் கடன் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்கள். இரும்பு மாத்திரை மட்டும் யார் கொடுத்தாலும் நோயைச் சொல்லாமல் விழுங்க வைக்காதீர்கள். பள்ளியில் டீச்சரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஃபோலிக் அமிலம் இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகவே கொடுப்பார்கள், அதை நிறுத்தக் கூடாது.

பாலக்கோடு_டீச்சர்

எழுதிக் கொடுப்பது ரொம்ப முக்கியம். எங்களிடம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பட்டியல்தான். யாருக்கு என்ன நோய் என்று பெற்றோர் சொன்னால்தான் தெரியும்.

ஓசூர்_ஷிஃப்ட்

கேட்பது பொருத்தமா தெரியவில்லை. எங்கள் கம்பெனிப் பசங்க ஜிம்முக்குப் போய்ப் புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், முடிக்கு பயோட்டின் என்று மாதம் நாலாயிரம் ஐயாயிரம் செலவழிக்கிறார்கள். அதைக் கட்டாயப்படுத்தவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை. அது சரியா?

உணவியல்_மாணவி_கிருஷ்ணகிரி

பொருத்தமான கேள்விதான் அண்ணா. அவை மருந்துச் சட்டத்தில் வராது, உணவுச் சட்டத்தில்தான் வரும். மருந்துக்குக் கேட்கிற சோதனை அதற்குக் கேட்பதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பு தேற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. பயோட்டின் அதிகம் சாப்பிட்டுவிட்டுத் தைராய்டு பரிசோதனை செய்தால் எண் தப்பாக வரும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதேநேரம் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர், சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்பார்மின் போடுகிறவர், இவர்களுக்கு பி12 குறைவது நிஜம். அவர்கள் பரிசோதித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

தேன்கனிக்கோட்டை_ஐயம்

ஓசூர் தம்பி கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. காசு உள்ளவன் தேவை இல்லாவிட்டாலும் தேர்ந்தெடுக்கிறான். காசு இல்லாதவனுக்குத் தேவை இருக்கிறது, தேர்வு இல்லை.

காரிமங்கலம்_அரவை

உப்பைப் பற்றி ஒன்று. அதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் இராமலிங்கசுவாமி குழு ஒரு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்து வருடக்கணக்கில் கழுத்துக் கழலையைக் கணக்கெடுத்தது. பலன் கண்ணால் தெரிந்த பிறகுதான் திட்டம். அப்படியும் அயோடின் இல்லாத உப்பு விற்பதற்கான தடையை 2000இல் நீக்கினார்கள், 2006இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்றது, பிறகு புதிய சட்டத்தின் கீழ் வந்தது. இத்தனை கேள்விகளைத் தாண்டித்தான் அது நின்றது. அரிசியும் அப்படிக் கேள்விக்கு நிற்கட்டும். நம் மாநிலத்தில் முதலில் திருச்சியில்தான் சோதனைத் திட்டமாகக் கொடுத்தார்கள். அங்கே எத்தனை பேர் ரத்தத்தில் என்ன மாறியது என்பதை எளிய தமிழில் ஊருக்கு ஊர் ஒட்டியிருக்க வேண்டும்.

அரூர்_ராகிக்காடு

அரவை அண்ணன் சொன்னது நெஞ்சுல நிக்குது. அப்போ கேட்கறதை ஒழுங்காக் கேட்போம். ஜனவரி 26 கிராம சபையில தீர்மானமாப் போடலாமா?

பென்னாகரம்_வாசகன்

போடலாம். இழையில் வந்ததை வைத்து வரைவு எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"எங்கள் ஊராட்சி ரேஷன் கடைக்கு வரும் செறிவூட்டிய அரிசியில் மாதம் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, இரும்பின் அளவைக் கடை வாசலில் எழுதி வைக்க வேண்டும். அரிசியில் என்ன கலந்திருக்கிறது, எதற்காக, யார் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதைப் பில்லோடு துண்டுச்சீட்டாகத் தமிழில் கொடுக்க வேண்டும். தலசீமியா, சிக்கிள் செல் உள்ள குடும்பம் மருத்துவச் சான்று கொடுத்தால், கலக்காத அரிசியோ கூடுதல் ராகியோ வாங்கிக்கொள்ள வழி செய்ய வேண்டும். ராகி 2 கிலோவை 5 கிலோவாக உயர்த்தி, அதை நம் மாவட்ட விவசாயிகளிடமே கொள்முதல் செய்ய வேண்டும்."

செவிலியர்_அக்கா

மூன்றாவது கோரிக்கையில் "மருத்துவச் சான்று" என்றால் மலைக்காரர்கள் தர்மபுரி வரை அலைவார்கள். பரிசோதனை முகாமில் கொடுத்த அட்டையே போதும் என்று மாற்றுங்கள்.

தேன்கனிக்கோட்டை_ஐயம்

திட்டத்தை ஆதரித்துக் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தத் தீர்மானத்துக்குப் போடுவேன். சோதனை முடிவு இரண்டு ரகமும் வரட்டும், நல்லது வந்தால் அதையும் சொல்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ராகி பற்றிய வாசகம் மட்டும் வேறு மாதிரி எழுத வேண்டும், நீலகிரி, தர்மபுரி போல எங்களையும் சேர்க்கக் கேட்டு. அதை நான் எழுதித் தருகிறேன்.

ரேஷன்கடை_ஊழியர்

கிராம சபை வரைக்கும் காத்திருக்க வேண்டாங்க. மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை தாலுகாவுல ரேஷன் குறைதீர் முகாம் நடக்குது. அங்க மனுவாக் கொடுத்தா ரசீது தருவாங்க. அந்த ரசீதையும் வெச்சுத் தீர்மானம் போட்டா அதிகாரிங்க பதில் சொல்லியே ஆகணும். துண்டுச்சீட்டு வந்தா நானே ஒவ்வொருத்தருக்கும் படிச்சுக் காட்டிக் கொடுக்கறேன்.

பென்னாகரம்_வாசகன்

அக்கா சொன்ன திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். டிசம்பர் முகாமுக்கு மனு தயார். பென்னாகரம், அரூர், பாலக்கோடு தாலுகாக்களில் யார் கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.